நாப்பதுக்கு முப்பத்தெட்டு

தம்பி, தப்பா நினைக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரரோட போனை எட்டிப் பாக்குற பழக்கமெல்லாம் நமக்குக் கிடையாது. கண்ணுல பட்டுருச்சு. பல்லடத்துக்கு எத்தன மணிக்குப் போவோம்னு போன்ல தேடுனீங்க. ஒண்ணு நாப்பதுன்னு அது சொல்லுச்சு. உடனே போனைச் சட்டைப் பையில போட்டுட்டு கண்டக்டரைக் கூப்பிட்டு அதையே கேட்டீங்க. தாராபுரத்துல சாப்பாட்டுக்கு நிப்பாட்டுவோம், பல்லடம் போக ரெண்டே காலு ஆகும்னாரு. மனுஷன் வாயால கேட்டதும் உங்க மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அந்த நிம்மதியை விக்கத்தான் நான் சீனாவுக்குப் போனேன். வித்தது வேறொருத்தன்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். என் பேரு வெயிலுமுத்து. சொந்த ஊரு விருதுநகரு, இப்ப இருக்கிறது சிங்காநல்லூருல. இப்பத் தொழிலு காலேஜ் காலேஜாப் போயிப் பேசுறது. 'வாடிக்கையாளர் மனதை அறிவது எப்படி'ன்னு தலைப்பு. நேத்துக்கூட மதுரையில ஒரு எஞ்சினியரிங் காலேஜ்ல முன்னூறு பிள்ளைகளுக்குப் பேசிட்டு வர்றேன். பேசி முடிச்சதும் ஆளுக்கொரு தாளைக் குடுத்து எப்படி இருந்துச்சுன்னு எழுதச் சொன்னாங்க. முன்னூறு பேரும் 'எக்ஸலன்ட்'. ஒரு பிள்ளை மாத்தி எழுதல. அந்தத் துறைத் தலைவரம்மாவே வாசல்ல நின்னு ஒவ்வொரு தாளா வாங்கி எங்கிட்டக் குடுத்தாங்க.

சரி, சீனாவுக்கு வர்றேன். அமெரிக்காவுல டார்ச்சுன்னு ஒரு கம்பெனி இருந்துச்சு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. இன்டர்நெட்டுல தேடுறதுக்குன்னு ஒரு கம்பெனியை ஊரு உலகத்துக்கே தெரியும். அதுக்கு அடுத்து ஒண்ணு இருக்குன்னு கொஞ்சம் பேருக்குத் தெரியும். நாங்க அதுக்கும் அடுத்தது. சொந்த ஊரு சந்தையில விலை போகாத மாட்டை அடுத்த ஊரு சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி எங்களைச் சீனாவுக்கு ஓட்டிவிட்டாங்க. ரெண்டாயிரத்து ஆறாம் வருஷம். பீஜிங் ஆபீஸுக்கு நான்தான் தலைவன். எனக்குக் கீழ முப்பத்தோரு பேரு.

அங்க ஏற்கனவே ச்சியன்லின்னு ஒரு உள்ளூர்க் கம்பெனி கொடிகட்டிப் பறந்துக்கிட்டு இருந்துச்சு. நூறு பேரு எதையாவது தேடுனா அறுவத்தஞ்சு பேரு அதுலதான் தேடுவாங்க. எங்ககிட்ட வர்றது நாலு பேரு. அந்த நாலுல ரெண்டு பேரு வழி தவறி வந்தவங்களா இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆனா நான் அசரல. நல்ல பொருளைக் கண்ணுல காட்டுனா சனம் தானா வரும்னு நம்புனேன். எங்கப்பா மளிகைக்கடை வச்சிருந்தாரு. நல்ல பருப்பு போட்டுக்கிட்டே அதைத்தான் சொல்லுவாரு. எதிர்க்கடைக்காரன் பொட்டலம் கட்டிக்கிட்டே ஆளுங்ககிட்ட நல்லது கெட்டது விசாரிப்பான். கூட்டம் பூரா அங்கதான் போச்சு. எங்க கடையை மூடிட்டோம். அதை நான் யோசிச்சிருக்கணும், யோசிக்கல.

சீன மொழியில எனக்குத் தெரிஞ்சது மூணே வார்த்தைங்க. வணக்கம், நன்றி, அப்புறம் 'ஹென் ஹாவ்'. ஹென் ஹாவ்னா 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னு அர்த்தம். மொத ரெண்டு வார்த்தையால எந்தத் தொந்தரவும் வரல. மூணாவதுதான் என்னைக் கொன்னுச்சு. என் பேரும் அவங்க வாயில நுழையல. 'வெய்' மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கழட்டி விட்டுட்டாங்க. சீனாவுல வெய்னு ஒரு குடும்பப் பேரு இருக்காம். அதனால வெய் சார். ரெண்டு வருஷம் அந்தப் பேருக்குத் திரும்பிப் பாத்துருக்கேன்.

அங்க தாங் யுவேமெய்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. இருவத்தொம்போது வயசு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, பேச்சு கம்மி. ச்சியன்லியில அஞ்சு வருஷம் வேலை பாத்துருக்கு. ஜனங்க எதை அமுக்குறாங்க, எங்க நிக்கிறாங்க, ஏன் போயிர்றாங்கன்னு அத்துப்படி. நான்தான் ஒரு நூடுல்ஸ் கடையில வச்சுப் பேசிப் பேசி எங்ககிட்டக் கூட்டியாந்தேன். அது தயங்குச்சு. ஏன்னா ச்சியன்லியில ஒரு பழக்கம், விட்டுட்டுப் போனவங்களைத் திரும்பச் சேக்கவே மாட்டாங்க. போனா போனதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னை நம்பி வாம்மா, உனக்கு நான் பொறுப்பு." இந்த வாயாலதான் சொன்னேன். சொல்றப்ப நூடுல்ஸு வேற வாயில இருந்துச்சு.

வந்ததும் அந்தப் பொண்ணு ஒரு பக்கம் தயார் பண்ணுச்சு. பக்கம்னா, நீங்க டார்ச்சுக்குள்ள போனதும் மொதல்ல தெரியுது பாருங்க, அது. நான் ஏற்கனவே ஒண்ணு பண்ணி வச்சிருந்தேன். வெள்ளை வெளேர்னு இருக்கும். நடுவுல எங்க பேரு, அதுக்குக் கீழ எழுதுறதுக்கு ஒரு பெட்டி. அவ்வளவுதான். பாத்தா கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கும். அந்தப் பொண்ணு பண்ணதோ, கல்யாணச் சுவரொட்டி மாதிரி ஒரு இடம் பாக்கி இல்ல. இன்னைக்கு ஜனங்க எதைத் தேடுறாங்க, ரயில் டிக்கெட்டு, மழை வருமா, பரீட்சை ரிசல்ட்டு, எல்லாத்துக்கும் ஒரு வரி. எழுதவே வேணாம், அமுக்குனாப் போதும். கடைசியில 'மனுஷங்ககிட்டக் கேளுங்க'ன்னு ஒரு பெட்டி. அதுல கேள்வியைப் போட்டா நாட்டுல எங்கயோ இருக்கிற இன்னொரு மனுஷன் பதில் எழுதுவான். எந்த ஊருல இருந்து எழுதுறான்னு பக்கத்துலயே வரும். கிட்டத்தட்ட இதே மாதிரி ச்சியன்லியில ஒண்ணு இருந்துச்சு, ஆனா ஊரு பேரு வராது. ஊரைப் போட்டாத்தான் பதில் மேல நம்பிக்கை வரும்னு யுவேமெய் சொல்லுச்சு.

எதுக்கும்மா இந்தக் குப்பைன்னு கேட்டேன். பொறுமையா விளக்குச்சு. சீன எழுத்து ஆயிரக்கணக்குல இருக்கு, கீபோர்டுல இருக்கிறதோ இருவத்தாறு. சத்தத்தை அடிக்கணும், அடிச்சா அதே சத்தத்துல பத்து எழுத்து வந்து நிக்கும், நமக்கு வேண்டியதைப் பொறுக்கணும். சின்னஞ்சிறுசுங்க பட்டுப்பட்டுன்னு பொறுக்கிருவாங்க. அந்தப் பொண்ணோட அம்மா மாதிரி மில்லுல வேலை பாத்து ஓய்ஞ்சவங்களுக்கு ஒரு வரி எழுத கால் மணி நேரம் ஆகும். "எங்க அம்மாவுக்கு எழுத வராது, அமுக்க வரும்"னு சொல்லுச்சு. ஒரு நாளு இன்டர்நெட் சென்டருக்கும் கூட்டிக்கிட்டுப் போச்சு. அறுவது கம்ப்யூட்டரு. ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன். ஒருத்தனும் எழுதல, அமுக்கிக்கிட்டே இருந்தாங்க. நான் என்ன முடிவுக்கு வந்தேன்? பாவம், இந்த ஜனங்க நல்ல பக்கத்தையே பாத்ததில்லன்னு முடிவுக்கு வந்தேன்.

வீட்டுலயும் ஒரு எச்சரிக்கை வந்துச்சு. என் சம்சாரம் ராஜபுஷ்பம் ஒரு நாளு ரசம் வச்சிருந்துச்சு. கறிவேப்பிலை மிதக்குது. பீஜிங்குல கறிவேப்பிலையா, எங்கடி புடிச்சன்னு கேட்டேன். "ச்சியன்லியில இங்கிலீஷ்லயே கேட்டேன், எவரோ ஒரு மலேசியாக்காரம்மா கடை பேரு எழுதுனாங்க"ன்னு சொல்லுச்சு. டார்ச்சு ஆபீஸ் தலைவன் பொண்டாட்டி ச்சியன்லியில கேக்குது. ஏன், நம்மளதுல தேடக்கூடாதான்னு கத்துனேன். "உங்களது வெறிச்சுன்னு கிடக்கு, குடிபோகாத வீடு மாதிரி"ன்னுச்சு. கோவத்துல நான் அன்னைக்கு ரசம் ஊத்திக்கல. நட்டம் எனக்குத்தான்.

இதுக்கு நடுவுல அமெரிக்காவுல இருந்து எங்க மேலதிகாரி கிரெக் ஒரு கெடு வச்சாரு. அடுத்த செப்டம்பருக்குள்ள நாலு எட்டாகணும். நூத்துக்கு எட்டு பேரு. ஆகலைன்னா பீஜிங் ஆபீஸை மூடிருவோம், முப்பத்தோரு பேரையும் அனுப்பிருவோம். வெள்ளைப் பக்கமா, யுவேமெய் பக்கமா, ஒண்ணைத் தேர்ந்தெடுத்து நாடு பூரா இறக்குங்க, ரெண்டுக்கும் காசில்லன்னுட்டாரு. ஒண்ணை இறக்கிட்டா அப்புறம் மாத்த முடியாது. எல்லாப் பேரோட வேலையும் அந்த ஒரு பக்கத்துல தொங்குது. எனக்கு வேற எடம் கிடைக்கும். அந்தப் பொண்ணுக்குத் திரும்பப் போக வாசலே இல்ல.

நான் நியாயமான ஆளு தம்பி. நானா முடிவு பண்ணக்கூடாது, ஜனங்களே சொல்லட்டும்னு ஒரு சோதனை வச்சேன். நாப்பது பேரைத் தெருவுல இருந்து கூப்பிட்டோம். கடைக்காரங்க, டீச்சருங்க, டாக்ஸி ஓட்டுறவரு, பாட்டி ஆனவங்க, காலேஜ் பசங்க. பதினாலாவது மாடியில எங்க ஆபீஸு. வந்தவங்களுக்கு டீ, பலகாரம். போறப்ப ஆளுக்கு ஒரு பிளாஸ்க்கும், அஞ்சு லிட்டர் எண்ணெய் கேனும். நான் கோட்டு சூட்டெல்லாம் மாட்டிக்கிட்டு முன்னாடி நின்னு, வணக்கம் சொல்லி, ரெண்டு பக்கத்தையும் காட்டி, இந்த வெள்ளை நான் பண்ணது, அந்த இன்னொண்ணு எங்க ஆபீஸ்ல பண்ணது, மனசுல பட்டதைச் சொல்லுங்கன்னு மொழிபெயர்க்கச் சொன்னேன். வந்தவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் சிரிச்ச முகமா அங்கேயே நின்னேன்.

அதுக்கு முந்துன நாளே யுவேமெய் வந்து, "வெய் சார், நாளைக்கு நீங்க அந்த ரூமுக்குள்ள இருக்க வேணாமே"ன்னு சொல்லுச்சு. தன்னோட பக்கம் தோத்துருமோன்னு பயப்படுது, பாவம்னு நினைச்சேன். தோள்ல தட்டி தைரியமா இரும்மான்னு சொல்லி அனுப்புனேன். இன்னைக்கு நினைச்சா என் கன்னத்துல நானே போட்டுக்கணும் போல இருக்கு.

நாப்பதுக்கு முப்பத்தெட்டு. வெள்ளைதான் நல்லா இருக்குன்னு முப்பத்தெட்டு பேரு. ஒரு பெரியவரு தூங்கிட்டாரு, அவரைக் கணக்குல சேக்கல. அந்த டாக்ஸிக்காரரு மட்டும், "வெள்ளையில ஒண்ணுமே இல்லையே, இதுல நான் என்னத்தப் பண்ண?"ன்னாரு. முரட்டு ஆளுன்னு ஒதுக்கிட்டேன். அன்னைக்கே கிரெக்குக்கு மெயில் போட்டேன். அவரு துள்ளிக் குதிச்சிட்டாரு. போர்டு மீட்டிங்குல என் பேரைச் சொல்லி வாசிச்சாராம். கம்பெனிப் பத்திரிகையில என் போட்டோ வந்துச்சு. விருதுநகருக்கு ரெண்டு காப்பி அனுப்புனேன். எங்கம்மா அதைப் பீரோவுல ஒட்டி வச்சாங்க.

இது நடந்தது டிசம்பருல. பிப்ரவரியில சீனப் புதுவருஷம். ஊரே காலியாயிரும், நம்ம பொங்கலுக்கு மெட்ராஸு காலியாகுது பாருங்க, அதைவிட மோசம். ராஜபுஷ்பம் தங்கச்சி மக சடங்குக்கு ஊருக்குப் போயிருந்துச்சு. நான் தனியா இருக்கேன்னு தெரிஞ்சு யுவேமெய் அதோட வீட்டுக்குக் கூப்பிட்டுச்சு. பாவோடிங்னு ஊரு. ரயில்ல ரெண்டு மணி நேரம். அம்மாவும் அதுவும் மட்டுந்தான், அப்பா இல்ல. சின்ன வீடு. கம்ப்யூட்டருக்குப் பூ வேலை பண்ண துணியைப் போத்தி, சாமி படம் மாதிரி வச்சிருந்தாங்க.

சாப்பாட்டு மேசையில உக்காந்தா, அந்தம்மா மொதல்ல என் தட்டுல ஒண்ணு வச்சாங்க. கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கு. தட்டை அசைச்சா அது ஆடுது. பன்னித்தோலை நாலு மணி நேரம் வேகவச்சு, ஆறவச்சு, கட்டியானதும் துண்டு போட்டு, மேல பூண்டும் வினிகரும். நமக்குக் கறி மீனுன்னு எதுவும் தள்ளுபடி இல்ல தம்பி, எல்லாம் உள்ள போகும். ஆனா இது ஜில்லுன்னு, வழுவழுன்னு, பல்லுக்கு மாட்டாம வாய்க்குள்ள அது பாட்டுக்கு நீச்சலடிக்குது. அந்தம்மா என் வாயையே பாக்குறாங்க. என்ன பண்ணுவீங்க? ஹென் ஹாவ்னேன். அந்தம்மா முகம் மலர்ந்து போச்சு. இன்னும் நாலு துண்டு வச்சாங்க. அதையும் முழுங்கிட்டு, ஹென் ஹாவ். மறுபடி நாலு. கண்ணுல தண்ணி வருது. மூணாவது தடவையும் சொன்னேன், ஹென் ஹாவ். பழக்கதோஷம்.

பக்கத்துல ஒரு தட்டுல உருளைக்கிழங்கு. நூலு நூலா சீவி, வரமொளகா போட்டு, சுருக்குன்னு வதக்கியிருந்தாங்க. நம்ம வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருந்துச்சு. பேசவே இல்ல நானு. பன்னித்தோலுக்கு நடுவுல அதைத்தான் அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டேன். இந்தியாக்காரனுக்கு இதுதான் புடிக்கும்னு உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்னு யுவேமெய்கிட்டக் கேட்டேன். அந்தம்மா எந்திரிச்சுப் போயி, கம்ப்யூட்டரு மேல இருந்த துணியை மடிச்சு வச்சுட்டு, காட்டுனாங்க. 'இந்தியாவுல இருந்து விருந்தாளி வர்றாரு, என்ன சமைக்கலாம்?' கால் மணி நேரம் உக்காந்து ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கிக் கேட்டிருக்காங்க. பதினேழு பேரு பதில் எழுதியிருக்காங்க. எங்கயோ தெற்குப் பக்கத்துல இருந்து ஒரு லாரி டிரைவரு, உருளைக்கிழங்கும் மொளகாயும் போடுங்க, தப்பே வராதுன்னு எழுதியிருக்காரு. கேட்டது எதுல? ச்சியன்லியில.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. எங்க டார்ச்சுல கேட்டிருக்கலாமேன்னு சொன்னேன். யுவேமெய் அதை அம்மாவுக்குச் சொல்லுச்சு. அந்தம்மா டார்ச்சைத் திறந்து பாத்தாங்க. வெள்ளை வெளேர்னு வந்து நின்னுச்சு. மேல பாத்தாங்க, கீழ பாத்தாங்க. "இதுல கேக்குறதுக்கு ஆளு எங்க இருக்காங்க?"ன்னு கேட்டாங்க. கிண்டலாக் கேக்கல. நெசமாவே தேடுனாங்க.

அப்பத்தான் அந்தப் பொண்ணு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே, மெதுவா சொல்லுச்சு. "வெய் சார், நீங்க இந்தப் பன்னித்தோலை மூணு தடவை நல்லா இருக்குன்னு சொன்னீங்க. எங்கம்மா மூணு தடவை வச்சாங்க. உருளைக்கிழங்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, தட்டைக் காலி பண்ணிட்டீங்க. அந்த நாப்பது பேரும் உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளிங்க சார். எங்கம்மா மாதிரி நீங்க எதிர்ல நின்னுக்கிட்டு இருந்தீங்க."

தம்பி, நான் எந்த ஊருக்காரன்? நம்ம ஊரு கல்யாணத்துல பொண்ணோட அப்பா பந்திக்கு வந்து, கையைக் கட்டிக்கிட்டு, எல்லாம் திருப்தியாங்கன்னு கேட்டா, எவனாவது சாம்பாருல உப்பில்லன்னு சொல்லுவானா? பிரமாதம் அண்ணாச்சின்னு சொல்லிட்டு, கை கழுவுற எடத்துல வந்துதானே பேசுவான்? நான் கை கழுவுற எடத்துக்குப் போகவே இல்ல. பிளாஸ்க்கையும் எண்ணெயையும் குடுத்துட்டு, பந்தியிலேயே நின்னு கேட்டிருக்கேன். பத்து வயசுல இருந்து தெரிஞ்ச விஷயம். பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து போயி மறந்துட்டேன். அவ்வளவு தூரம் இருக்காது, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

திரும்பி வர்ற ரயில்ல யுவேமெய்க்கு வாக்குக் குடுத்தேன். வர்ற திங்கக்கிழமை கிரெக்கோட போன் மீட்டிங் இருக்கு, சோதனை தப்பு, உன் பக்கத்தைத்தான் இறக்கணும்னு சொல்லிர்றேன்னேன். அது முகத்துல அப்படி ஒரு வெளிச்சம் நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. லீவு முடியிறதுக்கு முன்னாடியே ஆபீஸுக்கு வந்து, அதோட ஆளுங்க அஞ்சு பேரை வச்சுக்கிட்டு, அந்தப் பக்கத்துல ஒரு பிசிறு இல்லாமப் பண்ணுச்சு. திங்கக்கிழமை காலையில மடிக்கணினியைத் திறந்து, என் பக்கத்து நாற்காலியில வந்து உக்காந்துச்சு.

கிரெக் போன்ல வந்தாரு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஸ்பீக்கருல போட்டிருந்தோம். வந்ததும் புதுவருஷ வாழ்த்து. அப்புறம், முப்பத்தெட்டை நான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன், பீஜிங் ஆளுங்க நம்ம மானத்தைக் காப்பாத்திட்டாங்கன்னு அவ்வளவு சந்தோஷமாப் பேசுனாரு. சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். கடைசியா ஒரே கேள்வி. "முத்து, அந்தச் சோதனையில உனக்கு முழு நம்பிக்கைதானே? இல்லேன்னா இப்பவே சொல்லிரு, ஒண்ணும் தப்பில்ல."

வாயைத் தொறந்தேன். அந்தப் பொண்ணு என்னைப் பாக்குது. பத்திரிகையில என் போட்டோ, பீரோவுல எங்கம்மா ஒட்டுனது, போர்டு மீட்டிங்கு, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. அந்த மனுஷனோட சந்தோஷத்துல எப்படி மண்ணைப் போடுறதுன்னு தோணுச்சு. "முழு நம்பிக்கை, கிரெக்"னேன். "ரொம்ப நல்லா வந்திருக்கு."

ஆமா தம்பி. அதே ஹென் ஹாவ்தான். இங்கிலீஷ்ல சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

யுவேமெய் மடிக்கணினியை மூடுச்சு. எந்திரிச்சுப் போயி, ஒரு கிளாஸ்ல சுடுதண்ணி புடிச்சுக் கொண்டாந்து எனக்கு முன்னாடி வச்சுட்டு, அதோட எடத்துக்குப் போயிருச்சு. அங்க யாருக்கு முடியலைன்னாலும் மொதல்ல சுடுதண்ணிதான் குடுப்பாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இன்னைக்கும் எங்கயாவது யாராவது சுடுதண்ணி குடுத்தா என்னால குடிக்க முடியாது. ராஜபுஷ்பத்துக்குக்கூட இது தெரியாது, வெந்நி உடம்புக்கு நல்லதுன்னு குடுத்துக்கிட்டே இருக்கும்.

மார்ச் மாசம் வெள்ளைப் பக்கத்தை இறக்குனோம். பஸ் நிறுத்தத்துல எல்லாம் விளம்பரம், அதுவும் வெள்ளையா. விளம்பரம் இன்னும் ஒட்டலன்னு நினைச்சு, அது மேல வீடு வாடகைக்குன்னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க. நாலு, மூணாச்சு. மூணு, ரெண்டாச்சு. ஜூலையில ரெண்டுக்கும் கீழ. அந்த முப்பத்தெட்டு பேருல நாலஞ்சு பேரைத் தேடிப் போயிக் கேட்டேன். பிளாஸ்க்கு நல்லா இருக்கு, சூடு ஆறவே மாட்டேங்குதுன்னாங்க. வீட்டுல எதுல தேடுறீங்கன்னா, எல்லாரும் ச்சியன்லி.

செப்டம்பர் ரெண்டாவது வாரம் மூடிட்டாங்க. முப்பத்தோரு பேரும் அட்டைப்பெட்டியில சாமானை எடுத்துக்கிட்டு லிஃப்டுல இறங்குனாங்க. எனக்கு? எனக்குச் சிங்கப்பூருல வேலை குடுத்தாங்க. நம்பிக்கையான ஆளுன்னு. கிரெக்கே சிபாரிசு பண்ணுனாரு. அன்னைக்கு பதினாலாவது மாடி பாத்ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. என்னை நம்பி வான்னு நூடுல்ஸு கடையில சொன்னவன் நானு.

அந்தப் பொண்ணு ச்சியன்லி வாசலுக்கு ஒரு தடவை போய்ப் பாத்துச்சாம். சேக்கல. பாவோடிங்குக்கே போயிருச்சு. இப்ப அங்க ஒரு செல்போன் கடையில இருக்கு. வயசானவங்களுக்குப் போன்ல எதை எப்படி அமுக்குறதுன்னு சொல்லிக் குடுக்குமாம். இருவது கோடிப் பேருக்குப் பக்கம் பண்ணத் தெரிஞ்ச பிள்ளை.

ஆனா ஒண்ணு சொல்லணும் தம்பி. எனக்கு இருக்கிற ஆறுதலு அது ஒண்ணுதான். ஆபீஸ் மூடுன அன்னைக்கு லிஃப்டு வாசல்ல, எம்மேல கோவமாம்மான்னு கேட்டேன். "இல்ல வெய் சார், நீங்க ரொம்ப நல்ல மேனேஜரு"ன்னுச்சு. சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. சிங்கப்பூருக்குப் போனப்புறம் ஒரு கார்டு வந்துச்சு. பிரிச்சா, அதுலயும் அதே, நீங்க ரொம்ப நல்ல மேனேஜர். போன வருஷம் இந்தப் பேச்சுத் தொழிலுக்கு ஒரு நோட்டீஸ் அடிச்சேன். என்னைப் பத்தி ஒரு வரி எழுதிக் குடும்மான்னு மெசேஜ் போட்டேன். பத்தே நிமிஷத்துல பதிலு. இருங்க, இந்தப் பையிலதான் இருக்கு. இந்தாங்க, பின்பக்கம் பாருங்க, என் போட்டோவுக்குக் கீழ. 'வெய் சார் மிக நல்ல மேனேஜர். தாங் யுவேமெய், சீனா.' காலேஜ்ல இதைப் பாத்துட்டுத்தான் கூப்பிடுறாங்க.

நல்லாப் பாத்தீங்களா? வச்சுக்குங்க, எங்கிட்ட நெறைய இருக்கு.

என்னடா இந்த ஆளு திண்டுக்கல்லுல புடிச்சு நிப்பாட்டாமப் பேசிக்கிட்டே வர்றான்னு நினைச்சிருப்பீங்க. தாராபுரத்துல சாப்பிடுறப்பக்கூட உங்களை விடல. போரடிச்சுட்டேனா? இல்லையா? நெசமாவா? சந்தோஷம். அப்பாடா, பல்லடம் வந்துருச்சு. மணி பாருங்க, ரெண்டே காலு, கண்டக்டரு சொன்ன மாதிரியே. பையை எடுத்துக்குங்க, மேல ஒரு மஞ்சப்பையும் வச்சீங்க.

ஒரே ஒரு நிமிஷம் தம்பி. எறங்குறதுக்கு முன்னாடி இதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்தப் பொண்ணு ஒரு தடவை சொன்னா மரியாதைக்குச் சொல்லுச்சுன்னு எடுத்துக்கலாம். மூணு தடவை சொல்லியிருக்கு. மனசுல இல்லாத ஒண்ணை ஒரு மனுஷி மூணு தடவை சொல்லுமா?

தலையாட்டுறீங்க. அது போதும் எனக்கு. பாத்து எறங்குங்க.